ரக்பி லீக் வீரர் பயிற்சியாளர் ஆவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வுபெற்ற ஆட்டக்காரர் ஒருவரை ஒரு கிளப் பயிற்சியாளராக அறிவித்ததுமே ஒரு பக்கம் கொண்டாட்டம், இன்னொரு பக்கம் "இவருக்கு இதில் என்ன அனுபவம்?" என்ற முணுமுணுப்பு. ரக்பி லீக்கை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கும் தமிழ் வாசகர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில். உதாரணங்கள் எல்லாம் ஆஸ்திரேலியாவும் வட இங்கிலாந்தும்தான். இந்த ஆட்டம் மிகவும் உயிர்ப்போடு இருப்பது அங்கேதான்.

ரக்பி லீக் என்பதும் நாம் சாதாரணமாக ரக்பி என்று சொல்வதும் ஒன்றுதானா?

இல்லை. இலங்கையில் ராயல், டிரினிட்டி கல்லூரிகள் பிராட்பி கேடயத்துக்காக மோதுவது ரக்பி யூனியன். அணிக்கு 15 பேர். ரக்பி லீக்கில் 13 பேர். வேலைக்குப் போகாமல் ஆட வரும் தொழிலாளிகளுக்கு அன்றைய கூலியை ஈடுகட்டலாமா கூடாதா என்ற சண்டையில் 1895இல் வட இங்கிலாந்துக் கிளப்புகள் தனியாகப் பிரிந்து வந்ததில் பிறந்த ஆட்டம் இது.

விதி எளிது. பந்து வைத்திருக்கும் அணியை ஆறு முறை மடக்கிவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஐந்தாவது முறை மடக்கிய பிறகு வரும் ஆட்டம் கபடியில் 'டூ ஆர் டை' ரெய்டு மாதிரி; பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். ஒவ்வொரு டேக்கிளுக்கும் (மடக்குவதற்கும்) பின் ஆட்டம் ஒரு நொடி நிற்கும். மடக்கப்பட்டவர் எழுந்து பந்தைக் காலால் பின்னே உருட்டிவிடுவார். தடுக்கும் அணி பத்து மீட்டர் பின்வாங்கி நிற்கும். ஓர் ஆட்டத்தில் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கும். பயிற்சியாளருக்கு இந்த ஆட்டத்தில் இவ்வளவு மதிப்பு இருப்பதற்குக் காரணமும் இதுதான். திரும்பத் திரும்ப வருவதைத்தானே சொல்லிக் கொடுக்க முடியும்?

ஆடி முடித்த கையோடு தலைமைப் பயிற்சியாளர் ஆகிவிடலாமா?

ஆகியிருக்கிறார்கள். ஆனால் வழக்கமான பாதை வேறு. முதலில் ஏதாவது இளையோர் அணி. சிட்னியில் 17 வயதுக்கு உட்பட்டோருக்கு ஹெரால்டு மேத்யூஸ் கோப்பை, 19க்கு உட்பட்டோருக்கு எஸ்.ஜி. பால் கோப்பை, அதற்கு மேல் ஜெர்சி ஃபிளெக் என்று படிகள் இருக்கின்றன. பிறகு இரண்டாம் நிலை அணி: நியூ சவுத் வேல்ஸ் கோப்பை அல்லது குயின்ஸ்லாந்து கோப்பை. பிறகு முதல் அணிக்கு உதவிப் பயிற்சியாளர். இதையெல்லாம் கடந்து தலைமைப் பொறுப்புக்கு வரச் சாதாரணமாகப் பல ஆண்டுகள் ஆகும்.

குறுக்கு வழியில் வந்து ஜெயித்தவர் என்று எல்லோரும் சொல்வது ரிக்கி ஸ்டூவர்ட்டை. கான்பெரா ரெய்டர்ஸ் அணியின் ஹாஃப்பேக்காக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக, 1989, 1990, 1994 மூன்று ஆஸ்திரேலிய லீக் பட்டங்கள். முதல் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரான முதல் ஆண்டே, 2002இல், சிட்னி ரூஸ்டர்ஸ் அணிக்குக் கோப்பை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் மீதியைச் சொல்வதில்லை. 2003இலும் 2004இலும் இறுதியாட்டத்தில் தோற்றார். பிறகு க்ரோனுல்லா, பாரமாட்டா, கான்பெரா என்று போய், 2019இல் மறுபடி இறுதியாட்டம், மறுபடி தோல்வி. அவர் திறமைசாலி என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் "முதல் ஆண்டே கோப்பை" என்பதை மாதிரியாக எடுத்துக்கொள்ளும் கிளப் நிர்வாகிகள் அடுத்த இருபது ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெரிய ஆட்டக்காரர் பெரிய பயிற்சியாளர் ஆவாரா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. என் பதில்: ஆட்டத் திறமைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சில சமயம் அது இடைஞ்சலாகவே இருக்கும்.

வாலி லூயிஸை எடுத்துக்கொள்ளுங்கள். குயின்ஸ்லாந்தில் அவரை 'ராஜா' என்றே அழைப்பார்கள். ஆட்டத்தின் தலைசிறந்தவர்களுக்கான 'இம்மார்ட்டல்ஸ்' (என்றும் அழியாதவர்கள்) பட்டியலில் 1999இல் சேர்க்கப்பட்டவர். அவர் 1992இல் கோல்ட் கோஸ்ட் அணிக்கு ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்தார். 1993இல் பயிற்சியாளர் மட்டும். இரண்டு ஆண்டும் அந்த அணி கடைசி இடம். ஆண்டுதோறும் நியூ சவுத் வேல்ஸோடு மூன்று ஆட்டத் தொடர் ஆடும் குயின்ஸ்லாந்து மாநில அணிக்கு 1993, 1994இல் பயிற்சியாளர். இரண்டு தொடரும் தோல்வி. அணி பலவீனமானது என்பது உண்மை. ஆனாலும் லூயிஸ் களத்தில் செய்தவை எல்லாம் அவருடைய கண்ணிலும் கையிலும் இருந்தவை. எதிரணித் தடுப்பாளரின் தோள் ஒரு விரற்கடை திரும்பியதைப் பார்த்து, அந்த இடைவெளிக்குள் பந்தை வீசிவிடுவார். "எப்படிப் பார்த்தீர்கள்?" என்று கேட்டால் அப்படிப்பட்டவர் என்ன சொல்வார்? "தெரிந்தது, வீசினேன்" என்பார். 19 வயதுப் பையன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் கிரெய்க் பெல்லமி. கான்பெராவுக்குச் சுமார் 150 ஆட்டங்கள் ஆடியவர், எந்த இடம் காலியோ அங்கே இறக்கப்படுபவர். மெனிங்கா, ஸ்டூவர்ட், டேலி என்று நட்சத்திரங்கள் நிறைந்த அணியில் ரசிகர்கள் பெயர் சொல்லிக் கத்தாத ஆள். அப்படிப்பட்டவர் பத்து வேலையையும் கற்றுக்கொண்டால்தான் அணியில் இடம் தங்கும். ஓய்வுக்குப் பின் பிரிஸ்பேனில் வெய்ன் பென்னெட்டிடம் உதவியாளராக இருந்தார். 2002இல் மாநில ஆட்டங்களுக்காக பென்னெட்டும் முக்கிய ஆட்டக்காரர்களும் போய்விட, பெல்லமி ஒரு பொடிசுப் பட்டாளத்தை அழைத்துக்கொண்டு வெஸ்ட்ஸ் டைகர்ஸை அவர்கள் மைதானத்திலேயே வென்றார். 'பேபி பிராங்கோஸ்' என்று இன்றும் பேசுவார்கள். அடுத்த ஆண்டு, 2003இல், மெல்போர்ன் ஸ்டார்ம் அணியின் தலைமைப் பொறுப்பு. 2012, 2017, 2020 பட்டங்கள் அவர் பெயரில் இருக்கின்றன. 2007, 2009 பட்டங்கள் கிளப் சம்பள உச்சவரம்பை மீறியதற்காக 2010இல் பறிக்கப்பட்டன. இத்தனை ஆண்டுகளில் அந்த அணி பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகாத ஒரே ஆண்டு புள்ளிகள் பறிக்கப்பட்ட அந்த 2010தான்.

ஆனால் இதே பெல்லமி நியூ சவுத் வேல்ஸ் மாநில அணிக்கு 2008 முதல் 2010 வரை பயிற்சியாளராக இருந்து மூன்று தொடரும் தோற்றார். அவரை வென்ற குயின்ஸ்லாந்து அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? மால் மெனிங்கா. கான்பெரா கிளப்புக்கு 1997 முதல் 2001 வரை பயிற்சியளித்து ஒரு பட்டமும் வாங்க முடியாத அதே மெனிங்கா, குயின்ஸ்லாந்துக்கு 2006இலிருந்து 2013 வரை தொடர்ச்சியாக எட்டுத் தொடர்களை வென்று கொடுத்தார். மாநில அணி என்பது ஆண்டுக்கு மூன்று ஆட்டம். கையில் இருப்பவர்கள் ஏற்கெனவே தேர்ந்தவர்கள். அங்கே தேவை நம்பிக்கையும் ஒற்றுமையும். மெனிங்கா நுழைந்தாலே அறை நிமிரும். கிளப் என்பது பிப்ரவரி முதல் அக்டோபர் வரை, வாரத்துக்கு வாரம், காயம்பட்டவனுக்குப் பதில் இருப்பவனை வைத்துச் சமாளிப்பது. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

அப்படியானால் எதை வைத்து ஒருவர் தேறுவார் என்று சொல்வது?

பெரிய மேடைக்கு வருவதற்கு முன்னால், யாரும் கவனிக்காத இடத்தில், தன்னைவிடத் திறமை குறைந்தவர்களுக்கு எதையாவது கற்றுக் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

ஏழு பட்டங்கள் வென்ற வெய்ன் பென்னெட் குயின்ஸ்லாந்து போலீஸ்காரர். போலீஸ் அகாடமியில் பயிற்சி அதிகாரியாக இருந்தார். அங்கே வந்த பயிற்சிப் போலீஸ்காரர்களில் ஒருவர்தான் மால் மெனிங்கா. பதின்ம வயதுப் பையன்களை விடியற்காலையில் எழுப்பி ஓடவிடுவதும், அவர்கள் வீட்டுப் பிரச்சினையைக் கேட்பதும் பென்னெட்டுக்கு ரக்பி லீக் சம்பளம் தருவதற்கு முன்பே பழகிப்போன வேலை.

ட்ரென்ட் ராபின்சன் முதல்தர அளவில் ஆடியது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். பிறகு பிரான்சுக்குப் போய் துலூஸில் ஆடினார், அங்கேயே பயிற்சியளித்தார், பிரெஞ்சு கற்றுக்கொண்டார். கேட்டலன்ஸ் டிராகன்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு 2013இல் ரூஸ்டர்ஸுக்கு வந்த முதல் ஆண்டே பட்டம். பின்னர் 2018, 2019 இரண்டு ஆண்டும் அடுத்தடுத்து. முதல் ஆண்டே கோப்பை என்ற வரி ஸ்டூவர்ட்டுக்கும் இவருக்கும் பொது. இவர் வந்த பாதை வேறு.

ஹாஃப்பேக், ஹூக்கர் இடங்களில் ஆடியவர்கள்தான் நல்ல பயிற்சியாளர் ஆவார்கள் என்கிறார்களே?

கேட்க நன்றாக இருக்கும். ஆட்டத்தை நடத்துபவர்கள் அவர்கள்தான், அதனால் யோசிக்கப் பழகியவர்கள் என்ற வாதம். ஆனால் பென்னெட் விங்கில், அதாவது ஓரத்தில், ஆடியவர். ஐந்து பட்டங்கள் வென்ற ஜாக் கிப்சனும் ராபின்சனும் முன்வரிசை முரட்டு வேலைக்காரர்கள். ஐவன் கிளியரி (இவர் கதை கீழே வருகிறது) எல்லோருக்கும் பின்னால் நிற்கும் ஃபுல்பேக். 2025இல் பாரமாட்டாவுக்கு வந்த ஜேசன் ரைல்ஸ் ப்ராப், அதாவது அவரும் முன்வரிசை. இந்தப் பட்டியலைப் பார்த்தால் இடத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சமீபத்தில் மாறியவர்களில் ஒருவரை விவரமாகச் சொல்லுங்களேன்.

சாம் பர்ஜஸ். இங்கிலாந்தின் ட்யூஸ்பரியில் பிறந்தவர். பிராட்ஃபோர்டில் தொடங்கி 2010இல் சவுத் சிட்னிக்குப் போனார்.

2014 அக்டோபர் 5, சிட்னி, கிராண்ட் ஃபைனல் எனப்படும் லீக் இறுதியாட்டம். ஆட்டம் தொடங்கி பர்ஜஸ் பந்தோடு ஓடிய முதல் மோதலிலேயே கேன்டர்பரி கேப்டன் ஜேம்ஸ் கிரஹாமின் தலை கன்னத்தில் இடித்து எலும்பு உடைந்தது. முகம் ஒரு பக்கம் வீங்க, மனிதர் வெளியே போகவே இல்லை. கடைசி வரை ஆடினார், ஆட்ட நாயகன் விருதான கிளைவ் சர்ச்சில் பதக்கத்தையும் வாங்கினார். 30-6. சவுத் சிட்னிக்கு 1971க்குப் பிறகு முதல் பட்டம். அடுத்து பாத் கிளப்பில் ரக்பி யூனியன், 2015 உலகக் கோப்பையில் இங்கிலாந்து யூனியன் அணி, பிறகு மறுபடி சவுத் சிட்னி. தோள் காயத்தால் 2019இல் ஓய்வு.

அதற்குப் பிறகு அவர் செய்தது எனக்குப் பிடித்தது. 2022இல் நியூ சவுத் வேல்ஸின் வடகடற்கரையில், காஃப்ஸ் ஹார்பர் பக்கம், ஒராரா வேலி ஆக்ஸ்மென் என்ற நாட்டுப்புற அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள் ஆடும் லீக் அது. 2023இல் சவுத் சிட்னியில் உதவிப் பயிற்சியாளர். 2024இல் இங்கிலாந்து திரும்பி வாரிங்டன் வுல்வ்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர். முதல் ஆண்டே லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில், தோற்றால் வெளியே என்ற முறையில் நடக்கும் சேலஞ்ச் கோப்பையின் இறுதியாட்டம். விகனிடம் 18-8 தோல்வி. மறு ஆண்டு மறுபடி வெம்ப்ளி.

2025 ஜூன் 7. எதிரே ஹல் கே.ஆர்.; 40 ஆண்டுகளாகப் பெரிய கோப்பை எதையும் தொடாத கிளப். ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிடமே இருக்கிறது, வாரிங்டன் 6-2 முன்னிலை. ஹல் கே.ஆர். பந்தைக் கோட்டுக்கு அருகே உதைக்கிறார்கள். பந்து தரையில் உருண்டு தடுப்பவர்களின் கைக்கு அகப்படாமல் போக, டாம் டேவிஸ் பாய்ந்து அமுக்குகிறார். ட்ரை: கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அமுக்கினால் நான்கு புள்ளி. 6-6. ட்ரைக்குப் பின் கிடைக்கும் இரண்டு புள்ளி உதையான கன்வர்ஷனை ஓரத்திலிருந்து மிக்கி லூயிஸ் கம்பங்களுக்கு நடுவே அனுப்ப, 8-6. வாரிங்டனின் மார்க் ஸ்னீட் தோற்ற அணியில் இருந்தும் ஆட்ட நாயகன்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் உடைந்த கன்னத்தோடு ஓர் ஆட்டத்தைத் தன் உடம்பால் இழுத்துக்கொண்டு போனவர், இந்த ஆட்டத்தில் அந்த உருளும் பந்தின் மேல் போய் விழ முடியாது. வாரம் முழுக்கச் சொல்லிக் கொடுத்ததை அடுத்தவர் செய்வாரா என்று பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடியும். ஆட்டக்காரர் பயிற்சியாளர் ஆவதில் உள்ள பெரிய சங்கடம் எது என்று கேட்டால் இந்த மூன்று நிமிடத்தைப் போட்டுக் காட்டலாம்.

எதிர்ப்பக்கம் வென்ற வில்லி பீட்டர்ஸும் பழைய ஆட்டக்காரர்தான். விகன், விட்னஸ் என்று சுற்றிய ஹாஃப்பேக், பல ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளர். அதே 2025இல் லீக் முதலிடமும் கிராண்ட் ஃபைனலும் சேர்த்து மூன்று கோப்பைகளையும் ஹல் கே.ஆருக்கு வாங்கிக் கொடுத்தார்.

உதவிப் பயிற்சியாளர் என்னதான் செய்வார்?

ஒருவர் தாக்குதலைப் பார்ப்பார், ஒருவர் தடுப்பை. சில அணிகளில் மல்யுத்தம், ஜூடோ தெரிந்தவர் தனியாக இருப்பார். மடக்கப்பட்டவரை எழவிடாமல் ஒன்றிரண்டு நொடி தாமதிக்க வைத்தால் தன் அணி பத்து மீட்டர் பின்வாங்கி வரிசை கட்ட நேரம் கிடைக்கும். அந்த ஒன்றிரண்டு நொடிக்காகத்தான் இந்த ஆட்டத்தில் பாதிச் சண்டை. மெல்போர்ன் இதில் பேர்போனது, திட்டும் வாங்கியிருக்கிறது.

ஆட்டக்காரராக இருந்தவருக்கு முதலில் பிடிபடாதது வேலை நேரம். ஆட்டக்காரர் பயிற்சி முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். உதவிப் பயிற்சியாளர் அதற்குப் பிறகுதான் வீடியோவைத் திறப்பார். எதிரணி தன் பக்கத்தில் இருபது மீட்டருக்குள் பந்து வைத்திருக்கும்போது ஐந்தாவது டேக்கிளில் யார் உதைக்கிறார், எந்தக் காலால், எந்தப் பக்கம் என்று துண்டு துண்டாக வெட்டி வைக்க வேண்டும். அதில் பத்துக்கு எட்டை எறிந்துவிட்டு இரண்டை மட்டும் ஆட்டக்காரர்களுக்குக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் காட்டுபவர் தேறமாட்டார்.

பெல்லமியிடம் உதவியாளராக இருந்து தலைமைக்குப் போனவர்கள் ஒரு தனிப் பரம்பரை: மைக்கேல் மக்வைர், பிராட் ஆர்தர், ஆடம் ஓ'பிரையன், ஜேசன் ரைல்ஸ். 2025 கிராண்ட் ஃபைனலில் மெல்போர்னை 26-22 என்று வீழ்த்திய பிரிஸ்பேனின் பயிற்சியாளர் அந்த மக்வைர்தான். அவர் 2014இல் பர்ஜஸின் சவுத் சிட்னிக்கும் பயிற்சியாளராக இருந்தவர். சின்ன உலகம்.

மெல்போர்னுக்குப் புதிதாக வரும் ஆட்டக்காரர்களை ஒரு வாரம் உடலுழைப்பு வேலைக்கு அனுப்புவது அங்கே வழக்கம். ஊர் உலகம் எப்படிச் சம்பாதிக்கிறது என்று தெரியட்டும் என்பதற்காக.

நேற்றுவரை கூட ஆடியவர்களை இன்று எப்படி அதட்டுவது?

கஷ்டம்தான். பென்ஜி மார்ஷல் 2005இல் இருபது வயதில் வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த கூட்டத்தில் ஒருவர்; பாட் ரிச்சர்ட்ஸுக்குப் பின்கையால் சொடுக்கிவிட்ட அந்தப் பாஸை இன்றும் போட்டுக் காட்டுவார்கள். 2021இல் ஓய்வு. 2023இல் டைகர்ஸில் தலைமைப் பயிற்சியாளர் டிம் ஷீன்ஸுக்கு உதவியாளராக வந்தபோது, தன்னோடு ஆடிய லூக் புரூக்ஸ் அங்கே ஹாஃப்பேக். 2025இல் பொறுப்பேற்பதாக இருந்தது. ஷீன்ஸ் முன்கூட்டியே விலகியதால் 2024இலேயே தலையில் விழுந்தது. அந்த ஆண்டும் கடைசி இடம், தொடர்ந்து மூன்றாவது முறை. 2025இல்தான் அடிமட்டத்திலிருந்து நகர்ந்தார்கள். ஓராண்டு கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டிய பழகும் காலம் கைநழுவியது அவர் தப்பில்லை.

முன்பெல்லாம் ஆடிக்கொண்டே பயிற்சியாளராக இருப்பார்களாமே?

ஆமாம். செயின்ட் ஜார்ஜ் 1956 முதல் 1966 வரை தொடர்ந்து 11 பட்டங்கள் வென்ற காலத்தில், 1962 முதல் 1965 வரை நார்ம் புரோவன்தான் கேப்டன், பயிற்சியாளரும் அவரே. 1965 இறுதியாட்டத்துக்கு சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் 78,056 பேர் கூடினார்கள், கூரை மேலெல்லாம் ஆட்கள்.

இங்கிலாந்தில் அலெக்ஸ் மர்ஃபி. 1971 சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் தான் பயிற்சியளித்த லீ அணிக்குத் தானே ஹாஃப்பேக்காக இறங்கி லீட்ஸை 24-7 என்று வென்றார். அந்த ஆட்டத்தில் மர்ஃபி அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போக, லீட்ஸின் சிட் ஹைன்ஸ் வெளியேற்றப்பட்டார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மர்ஃபி கண்ணடித்தார் என்பது வட இங்கிலாந்து மதுக்கடைகளில் அரை நூற்றாண்டாக ஓடும் கதை. அவர் திரும்ப வந்து ஆடி ஆட்ட நாயகன் விருதும் வாங்கினார் என்பது மட்டும் பதிவில் உள்ளது.

முழுநேர ஊழியர்கள், வீடியோ, ஆட்களை மாற்றும் கணக்கு எல்லாம் வந்தபின் இந்த வழக்கம் மேல்மட்டத்தில் வழக்கொழிந்தது.

ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் கையில் என்ன இருக்கிறது?

ஆட்களை மாற்றுவது. ஓர் ஆட்டத்துக்கு எட்டு மாற்றங்கள், அவ்வளவுதான். பெருத்த ப்ராப்களை எந்த நிமிடம் வெளியே எடுத்து எந்த நிமிடம் திரும்ப அனுப்புவது என்பதிலேயே ஆட்டம் புரளும். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஹெட்செட்டில் சொல்வதை, தண்ணீர் கொண்டு ஓடும் உதவியாளர் ஆட்டக்காரரிடம் சேர்ப்பார். நடுவர் முடிவை எதிர்த்து முறையிடும் உரிமைகூட கேப்டனுக்குத்தான்.

வேலை போய்விட்டால்?

போகும். வெற்றி பெற்ற பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் ஒருமுறையாவது துரத்தப்பட்டவர்கள். ஐவன் கிளியரி கதை இதற்குப் பொருத்தம். ஆட்டக்காரராக அவருடைய கடைசி ஆட்டம் 2002 கிராண்ட் ஃபைனல். நியூசிலாந்து வாரியர்ஸுக்காக ஆடி, மேலே சொன்ன ஸ்டூவர்ட்டின் ரூஸ்டர்ஸிடம் தோற்றார். வாரியர்ஸுக்கே பயிற்சியாளராகி 2011இல் இறுதியாட்டம் வரை கொண்டு போனார், அதிலும் தோல்வி. 2012இல் பென்ரித். 2015 முடிவில் "களைத்துப் போய்விட்டார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

2017இல் டைகர்ஸ். அங்கே ஒப்பந்தம் மீதி இருக்கும்போதே, 2019 பருவத்துக்கு அதே பென்ரித் மறுபடி கூப்பிட்டது. டைகர்ஸ் ரசிகர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை. இந்த முறை மகன் நேத்தன் அணியின் ஹாஃப்பேக். 2020 இறுதியாட்டத்தில் மெல்போர்னிடம் தோற்றுவிட்டு, 2021, 2022, 2023, 2024 நான்கு ஆண்டும் பட்டம். செயின்ட் ஜார்ஜுக்குப் பிறகு நான்கு தொடர் பட்டம் வேறு யாரும் வென்றதில்லை. 2023இல் பிரிஸ்பேனுக்கு எதிராக 24-8 என்று பின்தங்கி, கடைசி இருபது நிமிடத்தில் 26-24 என்று திருப்பியபோது வெற்றி ட்ரை மகனுடையது. அப்பா-மகன் என்பதால் சலுகை என்ற பேச்சு அதற்கு முன் கொஞ்சம் இருந்தது, அப்புறம் கேட்கவில்லை.

ரக்பி லீக் ஆட்டக்காரர்களை யூனியன் அணிகள் ஏன் பயிற்சிக்கு எடுக்கின்றன?

தடுப்புக்காக. 1995இல் யூனியன் தொழில்முறை ஆனபோது தடுப்பை ஓர் ஒழுங்கான வரிசையாகச் சொல்லிக் கொடுக்கும் ஆட்கள் அங்கே குறைவு. லீக்கில் அது அன்றாடப் பாடம். ஓல்டமில் ஆடிய ஃபில் லார்டர், 2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து யூனியன் அணியின் தடுப்புப் பயிற்சியாளர்.

ஷான் எட்வர்ட்ஸ் விகனுக்காக ஒன்பது சேலஞ்ச் கோப்பைகள் வென்ற ஹாஃப்பேக். 2001இல் வாஸ்ப்ஸ் யூனியன் கிளப்புக்குப் போய், தடுப்பவர்கள் எல்லோரும் ஒரே வரிசையாக முன்னே பாய்ந்து எதிரணியை நெருக்கும் முறையைப் பழக்கினார். பிறகு வேல்ஸ் அணி. ஆறு நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டமும் வென்ற வேல்ஸின் 2008 கிராண்ட் ஸ்லாமில் எதிரணிகள் மொத்தமே இரண்டு ட்ரைதான் அடித்தன. பின்னர் பிரான்ஸ். ஆண்டி ஃபாரெல் விகனில் 16 வயதிலேயே முதல் அணியில் இறங்கியவர். இன்று அயர்லாந்தின் தலைமைப் பயிற்சியாளர், 2025இல் ஆஸ்திரேலியாவில் தொடரை 2-1 என்று வென்ற, பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் சேர்ந்த பிரிட்டிஷ் லயன்ஸ் யூனியன் அணிக்கும் அவரே. லீக் உலகத்துக்கு இதில் பெருமையும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு.

பெண்கள் ஆட்டத்தில்?

இப்போதுதான் கதவு திறக்கிறது; பெண்கள் அணிகளுக்கும் ஆண் பயிற்சியாளர்களே அதிகம். ஆஸ்திரேலிய அணியின் முன்னாள் கேப்டன் கேரின் மர்ஃபி 2023இல் கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸ் பெண்கள் அணியை இறுதியாட்டம் வரை கொண்டு போனார்.

தொழில்முறையில் ஆடாமலே பயிற்சியாளர் ஆக முடியுமா?

மேட் பீட் ஆகியிருக்கிறார். தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாதவர். இளையோர் அணிகளில் வளர்ந்தவர். 2022இல் விகனின் தலைமைப் பொறுப்பு ஏற்று அந்த ஆண்டே சேலஞ்ச் கோப்பை, 2023இலும் 2024இலும் இங்கிலாந்தின் முதல்தரப் போட்டியான சூப்பர் லீக் பட்டம். 2024இல் பர்ஜஸின் வாரிங்டனை வெம்ப்ளியில் வென்றதும் இவர் அணிதான்.

சான்றிதழ் வேண்டுமா?

வேண்டும். இரண்டு நாட்டிலும் சங்கங்கள் படிப்படியாகச் சான்றிதழ்ப் படிப்புகள் வைத்திருக்கின்றன. சிறுவர் அணிக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று, உச்சமட்டத்துக்கு ஒன்று. முன்னாள் நட்சத்திரமும் படித்துத்தான் வர வேண்டும்.

நாங்கள் சிட்னியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் இருக்கிறோம். மகன் பள்ளியில் ரக்பி லீக் ஆடுகிறான். எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனாலும் உதவ ஆசை. முடியுமா?

தாராளமாக. நீங்கள் இருப்பது பாரமாட்டா ஈல்ஸ் கோட்டை. சனி, ஞாயிறு காலையில் அங்கே சிறுவர் ஆட்டம் நடக்கும் மைதானங்களில் பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத அப்பா அம்மாக்கள்தான். உங்கள் பகுதி ஜூனியர் கிளப்பில் போய்ப் பெயர் கொடுங்கள். நியூ சவுத் வேல்ஸில் சிறுவர்களோடு வேலை செய்பவர்களுக்கான 'வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக்' எடுக்க வேண்டும். தன்னார்வலர்களுக்குக் கட்டணம் இல்லை. சிறுவர் அணிக்கான தொடக்கப் பயிற்சி வகுப்புக்குக் கிளப்பே வழி சொல்லும். முதல் பருவத்தில் கோன் எடுத்து வைப்பது, தண்ணீர் கொண்டு போவது, ஷூ கயிறு கட்டிவிடுவது என்றுதான் இருக்கும். ஜூன், ஜூலை காலைக் குளிருக்கு ஒரு நல்ல ஜாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.